முன்பாரமா... பின்பாரமா? 9 அடி லிபரேட்டரை நிறுத்துப் பார்க்கலாம்!

குட்டீஸ்... பையில் இருந்து 30 செ.மீ. ஸ்கேலை எடுங்கள். ஆள்காட்டி விரலை நீட்டி, அதன் மேல் ஸ்கேலைக் குறுக்கே வையுங்கள். 15 என்ற எண்ணுக்குக் கீழே விரல் இருந்தால் ஸ்கேல் ஆடாமல் நிற்கும். இப்போது ஒரு முனையில் ரப்பரை வையுங்கள். தொப்பென்று விழுந்துவிட்டதா? விரலை ரப்பர் இருக்கும் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்துங்கள். மறுபடியும் நிற்கும். பொருளின் எடை முழுவதும் கூடி இருப்பதுபோல நடந்துகொள்ளும் அந்த இடத்துக்குப் பெயர் ஈர்ப்பு மையம்.

இந்தப் பாடத்தைப் பள்ளிக்கூடம் போகாமலே கற்றவர்கள் நம் ஊர் வண்டிக்காரர்கள். அரியாங்குப்பம், தவளக்குப்பம், பாகூர் பக்கம் வயதான பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். நெல் மூட்டையை வண்டியில் முன்னால் அதிகம் அடுக்கினால் அது முன்பாரம். நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் அதிகம் அடுக்கினால் பின்பாரம். நுகத்தடி மேலே தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். இரண்டும் மாட்டுக்குத் துன்பம். அதனால் அச்சுக்கு நேர் மேலே பாரம் வரும்படி, துளி முன்பாரமாக அடுக்குவார்கள்.

வண்டியில் தப்பு நடந்தால் நிறுத்தி, இரண்டு மூட்டையை மாற்றி அடுக்கலாம். ஆகாயத்தில் பறக்கும் விமானத்தை எங்கே நிறுத்துவது?

அதனால்தான் ரேடியோ கட்டுப்பாட்டில் பறக்கும் பெரிய மாதிரி விமானம் செய்பவர்கள், பறக்க விடுவதற்கு முன்னால் தராசும் டேப்பும் கையில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். ஆறு மாதம் ஒட்டி, தேய்த்து, வண்ணம் பூசிய விமானம், தரையை விட்டு எழுந்த மூன்றாவது விநாடியில் சுக்குநூறாகலாம். அப்படி ஆகாமல் இருக்க என்ன செய்கிறார்கள்? ஒரு பெரிய குண்டுவீச்சு விமானத்தையே எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

குப்பையில் இருந்து எழுந்த விமானம்

எந்த விமானம்? நம் நாட்டுக்கு மிக நெருங்கிய சொந்தம் கொண்ட ஒன்று இருக்கிறது. அதன் பெயர் பி-24 லிபரேட்டர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா 18 ஆயிரத்துக்கும் மேல் செய்து குவித்த நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம். பிரிட்டிஷ் விமானப்படையும் இந்தியாவிலும் இலங்கையிலும் இதைப் பயன்படுத்தியது.

போர் முடிந்தது. மிஞ்சிய லிபரேட்டர்கள் கான்பூரில் குவிக்கப்பட்டன. யாரும் மறுபடி பறக்க வைத்துவிடக்கூடாது என்று, போகிறபோது அவற்றை வேண்டுமென்றே சேதப்படுத்திவிட்டுப் போனார்கள். கருவிகளை உடைத்தார்கள்; எஞ்சின்களில் மணலைக் கொட்டினார்கள்.

சுதந்திரம் அடைந்த இந்தியாவிடம் அப்போது கனரக குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. பெங்களூரில் இருந்த இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலைக்காரர்கள் கான்பூருக்குப் போய் அந்தக் குவியலைப் பார்த்தார்கள். ஒன்றில் இருந்து எடுத்து இன்னொன்றில் பொருத்தி, பறக்கும் அளவுக்கு மட்டும் ஒட்டுப்போட்டு, பெங்களூருக்கு ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார்கள். ஓட்டிவந்தவர் ஜாம்ஷெட் முன்ஷி என்ற சோதனை விமானி. அரைகுறை விமானத்தில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல்... அதுவும் ஒருமுறை அல்ல, பல முறை! அடேங்கப்பா!

பெங்களூரில் அவை முழுதாகச் செப்பனிடப்பட்டன. 1948 நவம்பரில் இந்திய விமானப்படையின் 5-ஆம் அணி லிபரேட்டர்களுடன் தயாரானது. இப்படி 40-க்கும் மேற்பட்ட விமானங்கள் உயிர்பெற்றன. பின்னாளில் இவை கடலுக்கு மேல் பறந்து ரோந்து பார்த்தன. 1968 வரை வேலை செய்தன. இன்று பிரிட்டன், அமெரிக்கா, கனடா நாட்டு அருங்காட்சியகங்களில் நிற்கும் சில லிபரேட்டர்கள், நம் விமானப்படை பத்திரமாக வைத்திருந்து அனுப்பியவைதான். செய்த நாட்டுக்கே நாம் திருப்பிக் கொடுத்திருக்கிறோம் பாருங்கள்!

குண்டுவீச்சு விமானங்கள் செய்த வேலை கொடுமையானது. எத்தனையோ ஊர்களை எரித்தவை. நாம் பார்க்கப் போவது குண்டு போடாத, வேண்டுமானால் சாக்லேட் போடும் மாதிரி விமானத்தை.

12-ல் ஒரு பங்கு

உண்மையான லிபரேட்டரின் இறக்கை ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை சுமார் 33.5 மீட்டர். 12-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் 2.79 மீட்டர். அதாவது 9 அடிக்கு மேல்! உங்கள் வீட்டுக் கூடத்தில் குறுக்கே வைத்தால் யாரும் அந்தப் பக்கம் போக முடியாது. நீளம் 1.7 மீட்டர்.

இதில் ஒரு வேடிக்கை. நீளம் 12-ல் ஒரு பங்காகும்போது இறக்கையின் பரப்பு 144-ல் ஒரு பங்காகும். எடை 1,728-ல் ஒரு பங்காக வேண்டும். வெறும் லிபரேட்டரின் எடை சுமார் 16,500 கிலோ. 1,728-ஆல் வகுத்துப் பாருங்கள்... ஒன்பதரை கிலோ. பால்சா மரத்திலும் நுரைத் தகட்டிலும் கவனமாகச் செய்தால் பேட்டரியோடு சேர்த்து 7 கிலோவில் முடிக்கலாம். இந்தக் கட்டுரை முழுக்க அந்த 7 கிலோவையே வைத்துக்கொள்வோம்.

நான்கு எஞ்சின்களுக்குப் பதில் நான்கு மின் மோட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. முழு வேகத்தில் ஒவ்வொரு மோட்டாரும் 20 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால், நான்கும் சேர்ந்து 80 ஆம்பியர். பேட்டரி 22 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 1,760 வாட். வீட்டு மிக்சி இரண்டு சேர்ந்து சாப்பிடும் மின்சாரம் அது!

இந்த லித்தியம் பாலிமர் பேட்டரி விளையாட்டுப் பொருள் இல்லை. உள்ளே ஆறு அறைகள். ஒவ்வொன்றும் முழுதாக நிரம்பும்போது 4.2 வோல்ட். ஆறும் ஒரே அளவில் ஏறும்படி பார்த்துக்கொள்ளும் தனி சார்ஜரில்தான் ஏற்ற வேண்டும். இங்கேயும் ஒரு சமநிலை! சார்ஜ் ஏறும்போது பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். சிமென்ட் தரையில் வையுங்கள். மெத்தை மேல், பாய் மேல் கூடவே கூடாது. உப்பிப்போன பேட்டரியைத் திரும்பவும் பயன்படுத்தக் கூடாது. தீப்பிடித்தால் அணைப்பது கஷ்டம்.

இன்னொரு கட்டளை: வீட்டுக்குள் மோட்டார் சோதனை செய்யும்போது புரொப்பல்லர்கள் கழற்றப்பட்டிருக்க வேண்டும். சுற்றும் புரொப்பல்லர் விரலை வெட்டிவிடும். மோட்டார் தப்பான பக்கம் சுற்றினால் பயப்படாதீர்கள். அதற்கு மூன்று ஒயர்கள் வரும். அவற்றில் ஏதேனும் இரண்டை இடம் மாற்றினால் போதும், எதிர்ப்பக்கம் சுற்றும்.

நான்கு மோட்டார்களும் ஒரே நேரத்தில் விழித்து, ஒரே வேகத்தில் ஏற வேண்டும். இடது பக்கம் இரண்டும் சோம்பலாக இருந்தால் விமானம் இடது பக்கமே இழுத்துக்கொண்டு போகும். ரேக்ளா வண்டியில் ஒரு மாடு மட்டும் பின்தங்கினால் என்ன ஆகுமோ, அதேதான்.

எங்கே நிற்க வேண்டும்?

இப்போது முக்கியமான கேள்வி. விமானத்தின் ஈர்ப்பு மையம் எங்கே இருக்க வேண்டும்?

இறக்கையின் முன் விளிம்பில் இருந்து பின் விளிம்பு வரை உள்ள அகலத்தை நூறு பங்காக்கினால், பெரும்பாலான விமானங்களுக்கு முன்பக்கத்தில் இருந்து 25 முதல் 30 வரை உள்ள பங்கில் இருப்பது நல்லது. லிபரேட்டரின் இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் அகலம், நுனியில் குறுகல். எந்த அகலத்தை எடுத்துக்கொள்வது? இதற்கு ஓர் அழகான படக் கணக்கு உண்டு. சார்ட் பேப்பரில் நீங்களே வரைந்து பார்க்கலாம்.

ஒரு பக்க இறக்கையை மேலிருந்து பார்ப்பதுபோல வரையுங்கள். அடியில் அகலம் 36 செ.மீ., நுனியில் 14 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அடிக்கோட்டைப் பின்பக்கமாக 14 செ.மீ. நீட்டுங்கள். நுனிக்கோட்டை முன்பக்கமாக 36 செ.மீ. நீட்டுங்கள். நீட்டிய இரண்டு முனைகளையும் ஒரு சாய்வுக் கோட்டால் இணையுங்கள். அடிக்கோட்டின் (நீட்டாத கோட்டின்) நடுவையும் நுனிக்கோட்டின் நடுவையும் இன்னொரு கோட்டால் இணையுங்கள். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் இறக்கையின் அகலத்தை அளந்தால் சுமார் 26.6 செ.மீ. வரும். அதுதான் நமக்கு வேண்டிய சராசரி அகலம். நம் விமானத்தில் அது உடம்பின் நடுக்கோட்டில் இருந்து ஏறக்குறைய 60 செ.மீ. தள்ளி வரும். அங்கே முன் விளிம்பில் இருந்து 7 செ.மீ. பின்னால் இரண்டு இறக்கையிலும் பென்சிலால் ஒரு புள்ளி. இந்தப் புள்ளிகளில்தான் விமானம் நிற்க வேண்டும்.

முன்பாரமாக இருந்தால்? விமானம் மூக்கைத் தூக்கச் சோம்பல்படும்; ஓடுபாதை போதாது; இறங்கும்போது மூக்குச் சக்கரம் ஓங்கி இடிக்கும். ஆனாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். பின்பாரமாக இருந்தால் கதையே வேறு. லேசாக மூக்கு உயர்ந்தாலும் இன்னும் இன்னும் உயரும். நாம் கீழே அழுத்தினால் அளவுக்கு மீறிக் குப்புறப் பாயும். வேகம் குறைந்து, இறக்கை தாங்கும் சக்தியை இழந்து, கல் மாதிரி விழும்.

பெரிய விமானங்களுக்கும் இதே விதிதான். 2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் சார்லட் நகரில் இருந்து கிளம்பிய சிறிய பயணிகள் விமானம் ஒன்று, எழுந்தவுடனே மூக்கைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு விழுந்தது. 21 பேரும் இறந்தார்கள். காரணம் இரண்டு: பாரம் பின்பக்கம் அளவு மீறி இருந்தது, மூக்கைக் கீழே இறக்கும் வால் மடல், பழுதுபார்த்தபோது தப்பாகப் பொருத்தப்பட்டதால் போதிய அளவு அசையவில்லை. விமானியால் எதுவும் செய்ய முடியவில்லை.

தராசு எடுங்கள்

சின்ன விமானம் என்றால் இரண்டு ஆள்காட்டி விரலால் அந்தப் புள்ளிகளில் தூக்கிப் பார்த்துவிடலாம். 7 கிலோவை விரலில் தூக்க முடியுமா? லிபரேட்டருக்கு மூக்கின் கீழே ஒரு சக்கரம், இறக்கைகளின் கீழே இரண்டு சக்கரங்கள். ஆகவே மூன்று சமையலறை மின் தராசுகளை எடுத்து, ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் ஒன்று வைக்கலாம். தரை சமமாக இருக்க வேண்டும். விமானமும் பறக்கும்போது இருப்பதுபோல மட்டமாக நிற்க வேண்டும். பேட்டரி, புரொப்பல்லர், பெயின்ட் எல்லாம் பொருத்திய பிறகே அளக்க வேண்டும்.

நம் விமானத்தில் மூக்குச் சக்கரத்துக்கும் பின் சக்கரங்களுக்கும் இடையே 40 செ.மீ. என்று கொள்வோம். ஈர்ப்பு மையம் பின் சக்கரங்களுக்கு 4 செ.மீ. முன்னால் வர வேண்டும். 40-ல் 4 என்பது பத்தில் ஒரு பங்கு. அப்படியானால் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 700 கிராம், மூக்குச் சக்கரத் தராசில் காட்ட வேண்டும். வண்டிக்காரர் சொன்ன அந்தத் துளி முன்பாரம் இதுதான்!

தராசைப் பார்க்கிறோம். ஐயோ! மூக்கில் 350 கிராம்தான். இடது சக்கரம் 3,300, வலது 3,350. கூட்டினால் 7,000 கிராம் சரி. ஆனால் மூக்கில் பாதிதான் இருப்பதால் ஈர்ப்பு மையம் பின் சக்கரத்துக்கு 2 செ.மீ. முன்னால்தான் இருக்கிறது. 2 செ.மீ. பின்பாரம்.

என்ன செய்யலாம்? ஈயக்கட்டியை மூக்கில் ஒட்டலாம் என்று உடனே தோன்றும். மூக்கு, நம் புள்ளியில் இருந்து 50 செ.மீ. முன்னால் இருக்கிறது. பத்தாம் வகுப்பு அண்ணன்கள் படிக்கும் திருப்புத்திறன் கணக்கு இது: 7 கிலோவை 2 செ.மீ.யால் பெருக்கினால் 14. அதை 50-ஆல் வகுத்தால் 0.28. ஆக 280 கிராம் ஈயம் வேண்டும். பறக்க எந்த உதவியும் செய்யாத சுமையை வீணாகத் தூக்கித் திரிய வேண்டும்.

கெட்டிக்காரர்கள் ஈயத்தைத் தொடுவதற்கு முன் பேட்டரியைப் பார்ப்பார்கள். இரண்டு பேட்டரிகளும் சேர்ந்து 1.4 கிலோ. அதே 14-ஐ 1.4-ஆல் வகுங்கள்... 10! பேட்டரியை 10 செ.மீ. முன்னால் தள்ளினால் போதும். ஒரு கிராம் கூடாமல் வேலை முடிந்தது. இதனால்தான் மின் விமானத்தில் பேட்டரித் தட்டை ஆரம்பத்திலேயே நீளமாகச் செய்துவிடுவார்கள். மறுபடி தராசில் நிறுத்தினால் மூக்கில் 700 கிராம் காட்டும்.

பேட்டரியை ஒட்டுப் பட்டையால் மட்டும் பிடித்து வைக்காதீர்கள். வாரால் இறுக்கிக் கட்டுங்கள். எழும்பும்போது அது வழுக்கிப் பின்னால் போனால் நாம் போட்ட கணக்கெல்லாம் பாழ்.

இன்னொரு ரகசியம். லிபரேட்டரின் இரட்டை வால், நம் புள்ளியில் இருந்து சுமார் 100 செ.மீ. பின்னால். மூக்கோ 50 செ.மீ. முன்னால். ஆகவே வாலில் 10 கிராம் பெயின்ட் அதிகமானால் மூக்கில் 20 கிராம் ஈடு கட்ட வேண்டும். வால் பக்கம் வேலை செய்யும்போது பசையைக்கூட அளந்து தடவுகிறார்கள் என்றால் காரணம் புரிகிறதா?

சாக்லேட் எங்கே? அதை வைக்கும் அறை ஈர்ப்பு மையத்துக்கு நேர் கீழே இருக்க வேண்டும். உண்மையான லிபரேட்டரிலும் குண்டு அறைகள் இறக்கைக்குக் கீழே உடம்பின் நடுவில்தான். ஒரு முனையில் வைத்திருந்தால், குண்டு கீழே விழுந்த கணமே விமானமும் தடுமாறியிருக்கும்.

வலது பக்கம் 50 கிராம் அதிகம் காட்டியதே, மறந்துவிட்டீர்களா? சக்கரம் நடுவில் இருந்து 32 செ.மீ. தள்ளி இருக்கிறது, இறக்கை நுனி 140 செ.மீ. தள்ளி. 50-ஐ 32-ஆல் பெருக்கி 140-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 11. இடது நுனிக்குள் 11 கிராம் வைத்தால் சரியாகிவிடும். இவ்வளவு சின்ன எடை எதற்கு என்று நினைக்காதீர்கள். நீளமான இறக்கை சின்ன எடையையும் பெரிதாக்கிக் காட்டும்.

பூட்டைத் திறந்தீர்களா?

1935 அக்டோபர் 30. அமெரிக்காவில் டேட்டன் நகருக்கு அருகே ரைட் ஃபீல்டு என்ற விமான தளம். போயிங் நிறுவனத்தின் புத்தம் புதிய நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம், மாடல் 299, ராணுவ அதிகாரிகள் முன்னிலையில் எழுந்தது. செங்குத்தாக ஏறி, சாய்ந்து, விழுந்து எரிந்தது. ஓட்டிய பிளாயர் ஹில், உடன் இருந்த போயிங் விமானி லெஸ்லி டவர் இருவரும் இறந்தார்கள். இருவருமே அனுபவசாலிகள்.

விமானத்தில் கோளாறே இல்லை. தரையில் நிற்கும்போது காற்றில் மடல்கள் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு பூட்டு உண்டு. அதைத் திறக்க மறந்துவிட்டார்கள். அவ்வளவுதான். அதன் பிறகு, கிளம்பும் முன் பார்க்க வேண்டியவற்றை அட்டையில் எழுதி வைத்து, ஒவ்வொன்றாக வாசித்துச் சரிபார்க்கும் பழக்கம் வந்தது. அதே விமானம் பி-17 என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் பறந்தது.

மாதிரி விமானத்துக்கும் அப்படி ஓர் அட்டை கட்டாயம் வேண்டும். விமானத்தின் பின்னால் நின்றுகொண்டு ட்ரான்ஸ்மிட்டரின் குச்சியை வலது பக்கம் தள்ளுங்கள். வலது இறக்கையின் மடல் மேலே எழ வேண்டும். இடது மடல் கீழே இறங்க வேண்டும். தலைகீழாக அசைந்தால் அன்றைக்கு விமானம் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்! குச்சியை உங்கள் பக்கம் இழுத்தால் வால் மடல் மேலே வர வேண்டும். ட்ரான்ஸ்மிட்டரை அணைத்தால் நான்கு மோட்டார்களும் நிற்க வேண்டும். சிக்னலைக் குறைத்து வைத்து 30 தப்படி தூரம் நடந்து போனாலும் மடல்கள் சொன்னபடி கேட்க வேண்டும். ஒருவர் வாசிக்க, மற்றவர் செய்து காட்டினால் மறதிக்கு இடமில்லை.

அரியாங்குப்பத்தில் எங்கே, எப்போது?

இடம் பிடிப்பது கணக்குப் போடுவதைவிடக் கஷ்டம். அரியாங்குப்பத்தை ஒட்டிய அரிக்கமேடு திறந்த வெளிதானே என்று நினைக்கலாம். அது 1945-ல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்து ரோமானிய வணிகத் தடயங்களைக் கண்டெடுத்த, பாதுகாக்கப்பட்ட இடம். அங்கே வேண்டாம். வீராம்பட்டினம் கடற்கரையில் படகும் வலையும் மனிதர்களும். சுண்ணாம்பாறு படகு குழாம் பக்கமோ சுற்றுலாக் கூட்டம். 7 கிலோ விமானம் ஆள் மேல் விழுந்தால் என்ன ஆகும்?

அதோடு லாஸ்பேட்டை விமான நிலையம் பக்கத்தில் இருக்கிறது. 2021-ல் வந்த ட்ரோன் விதிகளின்படி, விமான நிலைய எல்லையில் இருந்து 12 கி.மீ. வரை பறக்கும் உயரத்துக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. அரியாங்குப்பம் அந்த வட்டத்துக்குள் வருகிறது. அரசின் வான்வெளி வரைபடத்தைப் பெரியவர் ஒருவரோடு பார்த்து, நில உரிமையாளரிடம் சம்மதம் வாங்கி, அறுவடை முடிந்த விரிந்த வயல்வெளியைத் தேடிப் போவது நல்லது.

நேரம் காலைதான். கோடையில் நண்பகலை ஒட்டிக் கடல் காற்று உள்ளே வரத் தொடங்கிவிடும். 9 அடி இறக்கையைக் காற்று பிடித்துக்கொண்டால் விடாது. கடலோர உப்பு ஈரம் மோட்டாரையும் திருகாணியையும் துரு பிடிக்க வைக்கும். வீடு திரும்பியதும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும்.

இவ்வளவு பெரிய விமானம் நம்மிடம் ஏது என்கிறீர்களா? தெர்மோகோல் தகட்டில் ஒரு முழ நீள இறக்கை வெட்டி, குச்சியில் ஒட்டி, வால் வைத்து, மூக்கில் களிமண் உருண்டை ஒட்டிப் பாருங்கள். கொஞ்சம் களிமண் கிள்ளி எடுத்து எறியுங்கள். கொஞ்சம் கூட்டி எறியுங்கள். முன்பாரமும் பின்பாரமும் என்ன செய்யும் என்பது பத்தே நிமிடத்தில் தெரிந்துவிடும். என்.சி.சி. விமானப் பிரிவில் சேரும் அண்ணன், அக்காக்களுக்கு மாதிரி விமானம் செய்வதும் பறக்க விடுவதும் பயிற்சியிலேயே உண்டு. உங்கள் பள்ளியில் அந்தப் பிரிவு இருக்கிறதா என்று கேட்டு வையுங்கள்.

சரி, நம் லிபரேட்டர் எழுந்துவிட்டது! முதல் சுற்றில் வித்தை காட்டக் கூடாது. உயரம் ஏறியதும் குச்சியை விட்டால் நேராகப் போகிறதா என்று பார்த்து, ட்ரிம் பொத்தானை ஒவ்வொரு சொடுக்காக அழுத்த வேண்டும். இரண்டு பேட்டரிகளும் சேர்ந்து 10 ஆம்பியர் மணி. முழு வேகத்தில் ஏழரை நிமிடம்தான் தாங்கும். அதையும் கடைசிவரை உறிஞ்சக் கூடாது என்பதால் கடிகாரத்தில் 6 நிமிடம் வைத்து, மணி அடித்ததும் இறக்கிவிடுவார்கள். இறங்கியதும் முதல் வேலை, பேட்டரியைக் கழற்றுவது. அதற்கும் முன்னால் ஒன்று உண்டு: பேட்டரியின் முன் விளிம்பு நிற்கும் இடத்தில், தட்டின் மேல் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு. அடுத்த முறை தராசு இல்லாவிட்டாலும் பேட்டரி அதே கோட்டில் உட்காரும்.